மரிக்ரூஸுக்கு எந்த ஊர்

– மறுபடி சொல்லு. பையில என்ன இருக்கு?

– பிஸ்தோ.

– போச்சு. அந்த ஒரு வார்த்தை போதும், எல்லைப் போலீஸ்காரன் உன்னை ஊருக்கு விமானத்துல ஏத்திடுவான். பணத்தைப் பிஸ்தோன்னு சொல்றவ ஹோண்டுராஸ்காரி. மெக்சிகோக்காரி லானாம்பா. எத்தனை தடவை சொல்றது டில்சியா கண்ணு?

– வாய் பழகிப்போச்சு ஹசிந்தாக்கா. லானா. லானா. லானா.

– ராகம் போடாதே. சாயங்காலம் அமெரிக்க வேலி தாண்டப் போறவ மாதிரியா இருக்கே?

– பயந்தா எனக்குச் சிரிப்பு வரும். ஆமா, பிஸ்தோன்னா பணம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க வெராக்ரூஸ்காரியாச்சே.

– உன்னை மாதிரி எத்தனை பேரை இந்த நாற்காலியில உக்காரவெச்சிருக்கேன். அவங்க உளறினதைக் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். சரி, தேசிய கீதம் பாடச் சொன்னா?

– முழுசும் மனப்பாடம் பண்ணிட்டேன்.

– கெடுத்தே போ. ரெண்டு அடி பாடிட்டு மூணாவதுல முழிக்கணும். முழுசாப் பாடற மெக்சிகோக்காரியை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல.

– அக்கா, ஒண்ணு கேக்கறேன். அமெரிக்காக்காரனுக்கு ஸ்பானிஷ் பேசறவங்க எல்லாருமே மெக்சிகோதானாமே. பெரு நாட்டுக்காரனும் மெக்சிகோ, கியூபாக்காரனும் மெக்சிகோ. பின்ன எனக்கு எதுக்கு இவ்வளவு பாடம்?

– தெருவுல போறவன் அப்படித்தான். ஸ்பானிஷ் காதுல விழுந்தா மெக்சிகோன்னு முடிவு பண்ணிட்டுத் தன் வேலையைப் பார்ப்பான். அந்த மடத்தனம்தான் நமக்குக் குடை. ஆனா உன்னைப் பிடிக்கிறவன் சட்டையில ரமீரெஸ்னு பேர் தெச்சிருக்கும். அவனையும் அவன் அம்மா ஸ்பானிஷ்லதான் திட்டி வளர்த்திருப்பா. அவனுக்குக் காது உண்டு, கேட்டியா?

– அவன்கிட்ட மாட்டினா?

– மெக்சிகோன்னு நம்பினான்னா வண்டியில கொண்டாந்து இந்தப் பக்கம் விட்டுடுவான். நம்ம நொகாலெஸ் ஊர்த் தெருவுல நடந்து வந்து, இதே படியேறி, என்கிட்ட காபி கேப்பே. ரெண்டு நாள்ல மறுபடி போலாம். ஹோண்டுராஸ்னு தெரிஞ்சா உங்க ஊர் சான் பெத்ரோவுலதான் இறக்குவான்.

– அங்க வில்மெர் நிப்பான்.

– இன்னுமா?

– ஆள் ஏத்திக்கிட்டு விமானம் வர்ற நாளெல்லாம் போய் நிக்கிறானாம். என் சித்தி மகள் சொன்னா. பொண்டாட்டியை வரவேற்கப் பூ வாங்கிட்டு நிக்கல. போன தடவை தோள்ல குத்தினதை இந்தத் தடவை முடிச்சு வெப்பான்.

– அதுக்குத்தான் தொண்டை வலிக்கக் கத்தறேன். தூக்கத்துல உலுக்கிக் கேட்டாலும் “நான் மெக்சிகோ.” செத்தாலும் உன் வாய்ல வேற வரக்கூடாது. சொல்லு.

– நான் மெக்சிகோ.

– பேரு?

– மரிக்ரூஸ்.

– ஊரு?

– வெராக்ரூஸ் மாநிலம், அகாயூகான். சந்தைக்குப் பின்னாடி நீலக் கதவு போட்ட வீடு. அப்பா லாரி ஓட்டினார். நான் சின்னவளா இருக்கறப்பவே போயிட்டார்.

– வீட்டுல வேற யாரு?

– அம்மா துணி தைப்பா. எனக்கு ஒரு அக்கா. அப்புறம் நாய். அதுக்கு ஒத்தைக் காதுதான். கர்னல்னு பேரு.

– நில்லு. நாயா?

– ஆமா. இன்னொரு காதை ராணுவக்காரன் ஒருத்தன் விளையாட்டுக்கு அறுத்துட்டான். அவன் மேல இருந்த கோபத்துலதான் அம்மா கர்னல்னு பேர் வெச்சா.

– நாயைப் பத்தி நான் உனக்குச் சொல்லவேயில்லையே.

– சொன்னீங்களே அக்கா.

– சொல்லல. இந்த வீட்டுல யாருக்கும் சொன்னதில்ல.

– பின்ன எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் சொல்லியிருப்பீங்க, மறந்திருப்பீங்க. தண்ணி இருக்கா?

– காலையிலதானே ஜாடியை ரொப்பி வெச்சேன்.

– காலி.

– அவ்வளவையும் குடிச்சிட்டியா?

– தொண்டை காயுதுக்கா. இங்க வந்ததுலேருந்தே இப்படித்தான். எவ்வளவு குடிச்சாலும் நாக்கு அண்ணத்துல ஒட்டிக்குது. கனவுலயும் நடந்துட்டே இருக்கேன். மணலு, முள்ளு. கால்ல ஒத்தச் செருப்பு.

– ஒத்தச் செருப்பா?

– இன்னொண்ணு அறுந்துபோச்சு. நீங்க வாங்கிக் கொடுத்தீங்களே, பச்சை வார் வெச்சது.

– டில்சியா, நான் உனக்குச் செருப்பு வாங்கிக் கொடுக்கல.

– ஆமால்ல. பின்ன யாருக்கு வாங்கினீங்க?

– இந்தா, என் டம்ளர்ல இருக்கறதைக் குடி. மெதுவா. மரிக்ரூஸ் நான் இட்டுக்கட்டின பொண்ணுன்னு உன்கிட்ட சொன்னேன் பாரு, அது பொய். அவ என் தங்கச்சி.

– இப்ப எங்க இருக்காங்க?

– நீ உக்காந்திருக்கிற ஜன்னல்கிட்டதான் அவளும் உக்காந்திருந்தா. வேலியைப் பார்த்துக்கிட்டே பாடம் படிச்சா. நான்தான் அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததும் கூப்பிடறேன்னா. கூப்பிடல. கொஞ்ச நாள் கழிச்சு ரேடியோவுல சொன்னாங்க. அந்தப் பக்கத்துப் பாலைவனத்துல ஒரு பொண்ணோட உடம்பு கிடைச்சிருக்கு, மெக்சிகோக்காரி, பேர் தெரியல, பச்சை வார் செருப்பு ஒரு கால்ல மட்டும்னு.

– உடம்பைப் போய் வாங்கிட்டு வரலயா?

– போகல.

– கூடப் பிறந்தவளாச்சே அக்கா.

– அது நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? அவளுக்கு அப்புறம் எத்தனையோ பொண்ணுங்களுக்குப் பாடம் சொன்னேன். ஒருத்திக்கும் அந்தப் பேரைக் கொடுத்ததில்ல. போன ஞாயித்துக்கிழமை நீ படியேறி வந்து நின்னே. என்ன பேர் வெக்கலாம்னு வாயைத் திறந்தேன், அதுவா வந்து விழுந்துடுச்சு. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு.

– எனக்குப் பசிக்குது.

– கீழ மெஷின்ல சுடற சோள ரொட்டி, தோர்த்தியா, சூடா வாங்கிட்டு வரேன்.

– தோர்த்தியா வேண்டாம். அம்மா சுடறது வேணும். கையாலயே தட்டி, உள்ள சீஸும் அந்தக் கொடி மொட்டும் வெச்சு, தொட்டுக்கப் புளிச்ச முட்டைக்கோஸ். புபூசா.

– அது உங்க ஊர்ல சாப்பிடறதா?

– எங்க பஸ் ஸ்டாண்டுல ஒருத்தி சுட்டு விப்பா. அவ எங்க நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரி. அது எல் சால்வடோர் சாப்பாடு. அக்கா, அகாயூகான்ல இருக்கிற மரிக்ரூஸோட அம்மா எப்படிப் புபூசா சுடுவா?

– கதவைச் சாத்து.

– ஏன்க்கா?

– சாத்துன்னா சாத்து. என் புருஷனுக்கே தெரியாது. பிள்ளைங்களுக்கும் தெரியாது. வெராக்ரூஸ்காரின்னு நம்பித்தான் அந்த மனுஷன் என்னைக் கட்டினான். நாங்க ரெண்டு பேரும் எல் சால்வடோர். மலை ஊரு. வர்ற வழியில மெக்சிகோ பேச்சுப் பழகினோம். எனக்குச் சீக்கிரம் வந்துடுச்சு, அவளுக்கு நாக்கு வளையல. நான்தான் அடிச்சுப் பழக்கினேன். அவ சட்டைக்குள்ள தெச்சிருந்த எங்க ஊர்க் கடைப் பேரைக்கூடக் கத்தரிச்சு எடுத்தேன். பாக்கெட்டுல மெக்சிகோ சில்லறையைப் போட்டேன். ஊர் வாசனையே இல்லாமப் பண்ணி அனுப்பினேன்.

– அதான் மெக்சிகோன்னு புதைச்சுட்டாங்க.

– கழுத்துல மாதா படம், அதுல ஸ்பானிஷ்ல ஜெபம். பாக்கெட்டுல அந்தச் சில்லறை. அவங்களுக்கு வேற என்ன வேணும்? நான் போய் என் தங்கச்சின்னு நின்னா, நீ எந்த ஊருன்னு முதல்ல என்னைக் கேப்பாங்க. அப்ப என் பெரியவன் வயித்துல. வெட்கமா இருக்கு கண்ணு, ஆனா நான் போகல.

– அம்மாவுக்கு என்ன சொன்னீங்க?

– டெக்சாஸ்ல நல்லா இருக்கான்னு சொன்னேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் புருஷனுக்குத் தெரியாமக் கூப்பிடுவேன். அவ ஒரு நாளும் நம்பல. எங்க புதைச்சாங்கன்னு மட்டும் சொல்லுடி, உயிரோட முடியலன்னா செத்தாவது போய்ப் பார்த்துக்கறேம்பா. நான் பேச்சை மாத்திடுவேன். போன ஞாயித்துக்கிழமை போனை எடுக்கல.

– அப்புறம் கூப்பிட்டீங்களா?

– தினமும்தான் கூப்பிடறேன். மணி அடிச்சுட்டே இருக்கு. சரி, போதும். அந்தப் பேரை விடு. இன்னிக்கு நீ போக வேண்டாம், கூட்டிட்டுப் போறவன் வந்தா நான் பேசிக்கறேன். வேற பேரு, வேற ஊரு சொல்லித் தரேன். முதல்ல உன் சொந்தப் பேரைச் சொல்லு.

– மரிக்ரூஸ்.

– விளையாடாதே. ரமீரெஸ் இங்க இல்ல. நீ டில்சியா. சொல்லு.

– யாரு?

– வில்மெர் தெரியுமா, வில்மெர்?

– தெரியலயே.

– உன் தோள்ல கத்தியை இறக்கினவன். தொட்டுப் பாரு. அந்தப் பக்கம் இல்ல, இடது தோளு. எங்க அது? தழும்பு இருந்துச்சே. நேத்துகூட எண்ணெய் தடவிவிட்டேனே.

– தோள்ல ஒண்ணுமில்ல. கால்தான் எரியுது. ஒத்தச் செருப்போட எவ்வளவு தூரம் நடக்கறது, சிந்தாக்கா?

– என்ன பேர் சொன்னே?

– நீ ஏன் அழறே?

– அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட இந்த நாட்டுல எனக்கு யாரும் இல்ல. என்னை நீன்னு பேசறவளும் இல்ல.

– கண்ணைத் துடைச்சுக்கோ. உன் மேல எனக்குக் கோபமில்ல. தாகம்தான்.

– மரி, கேளு. உன்னைப் பிடிச்சுட்டுப் போயிடக் கூடாதேன்னுதான் அப்படி அடிச்சேன். நாளைக்கே புருஷன்கிட்ட உண்மையைச் சொல்றேன். அந்தப் பக்கம் தகவல் சொல்லி, உன் பேரையும் ஊரையும் மாத்தி எழுதச் சொல்றேன். அம்மாகிட்டயும் சொல்லிடறேன். அவ போனை எடுத்ததும் முதல் வார்த்தை அதுதான்.

– எடுக்க மாட்டா.

– ஏன்?

– போன ஞாயித்துக்கிழமையே என்னைத் தேடிட்டு வந்துட்டா.

– எங்க வந்தா? மரி, அம்மா எங்க வந்தா?

– எங்களைப் புதைச்சிருக்கிற இடத்துக்கு. ஒவ்வொருத்தர் தலைமாட்டுலயும் நின்னு, எல் சால்வடோர்ப் பொண்ணு யாராச்சும் இருக்கீங்களான்னு கேட்டுட்டே வந்தா. என்கிட்டயும் கேட்டா. வாயைத் திறந்தேன் சிந்தாக்கா, நீ பழக்கினதுதான் வந்துச்சு. நான் மெக்சிகோன்னேன். சரிம்மான்னு தலையாட்டிட்டு அடுத்த மேட்டுக்குப் போயிட்டா.