கம்பளி இல்லாத வளைவு

ரை என்ற கறுப்புத் தானிய ரொட்டியை அடுப்பில் சுட்டால் அது ரொட்டியே இல்லை என்பது என் கட்சி. மாவைப் பானையில் போட்டு மூடி, சூடான மண்ணில் புதைத்து, மறுநாள் தோண்டி எடுக்க வேண்டும். எங்கள் நீராவி மின்நிலையத்தில் வாரம் ஒருவர் முறை வைத்து அப்படித்தான் செய்கிறோம். நீராவிக் கிணற்றுக்குப் பின்னால், குழாய் வளைந்து திரும்பும் இடத்துக்குக் கீழே மண் நன்றாகக் கொதிக்கும். ஸ்வான்போர்க் சாகும்போது அங்கே என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

எரிமலைக்கு அடியிலிருந்து வரும் நீராவியில் அமிலம் கலந்திருக்கும். அதை எந்த உலோகம் தாங்கும் என்று முடிவு செய்வது என் வேலை. புதுக் கிணற்றின் வளைவுக்கு டைட்டானியம் கேட்டேன். ஸ்வான்போர்க் என்னோடு கல்லூரியில் படித்தவள், போன வருடம்தான் எங்கள் நிலையத்துக்கு மாறி வந்தாள். சாதா எஃகே போதும் என்றாள். நீராவி ஆறாதவரை அமிலம் இரும்பை ஒன்றும் செய்யாது. ஆறிச் சொட்டுத் தண்ணீராக மாறினால்தான் தின்னும். குழாய்க்குச் சூடு காக்கும் கம்பளி சுற்றிவிட்டால் ஆறாது. அவள் சொன்னது சரி. அப்போதே எனக்குத் தெரியும்.

"ஓட்கேர், கம்பளி போட்டுக்கிட்டா சளி பிடிக்காது. அதுக்குப் போயி தங்கத்துல குழாய் கேக்குறியேப்பா!"

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சொன்ன எஃகையே வாங்கினார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

ஆனால் நான் செய்தது அதற்காக அல்ல. மனிதர்கள் ஒழுங்காக இருப்பார்கள் என்று நம்பி உலோகத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. என்றாவது ஒருவன் பழுது பார்க்கக் கம்பளியைக் கழற்றுவான், திரும்பச் சுற்ற மறப்பான். அந்த நாளையும் தாங்குவதுதான் சரியான உலோகம். அந்த நாளை நான் சற்று முன்னால் கொண்டுவந்தேன், அவ்வளவுதான். வளைவில் மட்டும் கம்பளியை உருவிவிட்டு, அதை மேலே மூடியிருந்த தகரத்தைப் பழையபடி மாட்டினேன்.

பனிக்காலத்தில் ஒருநாள் அவள் அங்கே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஏய், குழா முழுக்கப் பனி கெடக்கு, இங்க மட்டும் தங்க மாட்டேங்குதே?"

"கீழ மண்ணு கொதிக்குதுல்ல."

"அட ஆமா. குளிர்ல என் மூளையும் உறைஞ்சுபோச்சு."

பையிலிருந்து அதிமதுர மிட்டாய் எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். அவள்மேல் எனக்குப் பிரியம் உண்டு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

குழாயின் தடிமனை அளப்பதும் என் பொறுப்புதான். கடைசியாக அளந்தபோது அந்த வளைவு மீன் டப்பாத் தகரம் போல மெலிந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கம்பளியைத் திரும்பச் சுற்றியிருப்பார்கள், அவள் எஃகும் பிழைத்துக் கிடந்திருக்கும்.

இப்போது அங்கே டைட்டானியம் போட்டிருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், ஒரு பொட்டுத் துரு இருக்காது. ஸ்வான்போர்க் இருந்திருந்தால் அவளே ஒப்புக்கொண்டிருப்பாள்.

வளைவு வெடித்த அன்று காலை வால்வை இன்னும் திறந்து அழுத்தத்தைக் கூட்டச் சொன்னது நான்தான். ரொட்டிப் பானையை எடுக்கும் முறையும் அந்த வாரம் என்னுடையதுதான்.

"முழங்கால் வலி உயிர் போகுது, நிக்கவே முடியல. பானைய நீ எடுத்துட்டு வர்றியா?" என்றேன்.

"சரி கிழவா, நீ வெண்ணெய எடுத்து வை," என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு போனாள்.

முழங்கால் வலி நிஜம். நான் பொய் சொல்கிறவன் அல்ல. அவள் போய், குனிந்து, பானையைத் தோண்டுகிற வரைக்கும் ஜன்னலோரம் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.