பிட்சரைத் தேடி ஏழாம் மாடிக்கு

எட்மண்ட்: பையன் பந்தையே தொட வேணாம்ணே. அவன் ஷூ லேஸ் கட்டுறதப் பாத்தே தேறுவானா மாட்டானான்னு சொல்ற கண்ணு, சிங்கப்பூர்லயே மூணு பேருக்குத்தான் இருக்கு. ஒருத்தர் இறந்துட்டாரு. இன்னொருத்தர் ஆஸ்திரேலியாவுக்குப் போயிட்டாரு.

மருதப்பன்: மூணாவது ஆளு?

எட்மண்ட்: தற்பெருமை எனக்குப் புடிக்காது.

மருதப்பன்: சரி. அந்தக் கண்ணுக்கு மார்சிலிங்ல, இந்த அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ என்ன வேலை?

எட்மண்ட்: வேவு. எங்க டீமுக்கு ஆள் புடிக்கிறேன். மெதுவாப் பேசுங்க... ஏழாம் மாடியில சிலுவைராஜ்னு ஒரு பையன். ஸ்கூல் சாஃப்ட்பால் டீம்ல பிட்சர், பந்து போடுறவன். கைய ஒரு சுத்து சுத்தி விட்டான்னா, பந்து வந்தது எதிர்ல நிக்கிறவனுக்குத் தெரியாது. போனதுதான் தெரியும்.

மருதப்பன்: ஹாக்கியும் ஆடுவானாமே?

எட்மண்ட்: அதான் வயித்தெரிச்சல். அங்க கோல் கீப்பர். ரெண்டு லீக்கும் ஜனவரியில, ரெண்டும் சனிக்கிழமை. ஏதாவது ஒண்ணுதான் ஆட முடியும். பேரு குடுக்க இந்த மாசக் கடைசி வரைக்கும்தான்.

மருதப்பன்: அவன் கெடைக்கலன்னா?

எட்மண்ட்: ...நான் போடணும்.

மருதப்பன்: அட, நீங்களும் பிட்சரா?

எட்மண்ட்: போன லீக்ல ஒரு மேட்ச் போட்டேன். மூணாவது பந்துல அம்பயரோட மூக்குக்கண்ணாடி போச்சு. எட்டாவது பந்துல, பக்கத்துல ஃபுட்பால் ஆடிட்டிருந்தவங்க ஆட்டத்த நிறுத்திட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. மறுபடி நாந்தான்னா டீமையே கலைச்சிடலாம்னு கேப்டன் இராமசாமி சொல்றாரு. திட்டியிருந்தாக் கூடப் பரவால்ல. தோள்ல கை போட்டுச் சொன்னாரு.

மருதப்பன்: பையன்கிட்டயே கேட்டுட வேண்டியதுதானே?

எட்மண்ட்: கேட்டேன். அம்மாவைக் கேளுங்கன்னான். அவங்க, ஜெபமாலை மாசம் முடியட்டும் பாக்கலாம்னுட்டாங்க. அக்டோபர் பூரா தெனம் ஒரு வீட்டுல மாதா சொரூபத்த வச்சு ஜெபம். மறுநாள் அடுத்த வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவாங்க.

மருதப்பன்: உங்களுக்குத் தெரியாததா? எட்மண்ட்னா வேதக்காரங்கதானே.

எட்மண்ட்: பேருல மட்டும். கோயிலுக்குப் போயி ஏழு வருஷமாச்சு. அத விடுங்க. ஹாக்கி கிளப்புல ஒருத்தன் இருக்கானாம்ணே. காப்பிக்கடை ஹனீபா சொன்னாரு. முருகன் படத்த வச்சுக் கும்பிடுற ஆளு. அந்தம்மாவ வளைச்சுப் போடுறதுக்காக, தெனம் சாயங்காலம் வந்து ஜெபத்துக்கு நாற்காலி தூக்குறானாம்.

மருதப்பன்: நாற்காலி தூக்குனா என்ன லா?

எட்மண்ட்: இங்க லிஃப்ட் அஞ்சுல நின்னா, அடுத்தது ஒன்பதுலதான் நிக்கும். நடுவுல இருக்கிற வீட்டுக்கெல்லாம் படியிலதான் சுமக்கணும். சுமந்துட்டு, முட்டி போட்டு ஜெபம் வேற சொல்றானாம். புத்தகத்தப் பாக்காம.

மருதப்பன்: நல்ல ஞாபகசக்தி.

எட்மண்ட்: மானங்கெட்ட சக்தி. திறமைய கண்ணால பாத்து எடுக்கணும்ணே. கல்யாண வீட்டுப் பந்தல்காரன் மாதிரி நாற்காலி தூக்கியா எடுப்பாங்க? எனக்கெல்லாம் உசுரே போனாலும்...

மருதப்பன்: பாவம், அவனுக்கும் கோல் கீப்பர் கெடைக்கலயோ என்னமோ.

எட்மண்ட்: அப்ப அவனே நிக்க வேண்டியதுதானே.

மருதப்பன்: நின்னான். பதினோரு கோல் வாங்கினான்.

எட்மண்ட்: அது உங்களுக்கு எப்படி...

மருதப்பன்: கேள்விப்பட்டேன்... அந்தா, லிஃப்ட் வருது. பையனோட அம்மா.

ரோசம்மா: மருதப்பன் தம்பி, வந்துட்டீங்களா? நேத்து கப்பல் பட்டறையில ஓவர்டைமா? உங்களக் காணாம ஜெபமே களை கட்டல.

எட்மண்ட்: ...அண்ணே?

மருதப்பன்: ஹாக்கி. முருகன் படம். நாந்தான்.

ரோசம்மா: நல்லவேளை, ரெண்டு பேரும் இருக்கீங்க. இன்னைக்கு லெட்டர் வந்துடுச்சு தம்பி. சிலுவைராஜ் டிசம்பர்ல கட்டாய ஆர்மி சேவைக்குப் போகணுமாம். ரெண்டரை வருஷம். நான் வேற என்ன சொல்றது... இனி நீங்க வேற ஆளத்தான் பாக்கணும்.

மருதப்பன்: ஏன் தம்பி, ஷூ லேஸப் பாத்த கண்ணு, பையனுக்குப் பதினெட்டு ஆகுறதப் பாக்கலியா?

எட்மண்ட்: நானே ஏப்ரல்லதான் ஆர்மிய முடிச்சுட்டு வந்தேன்ணே, அப்படியும் தோணல.

ரோசம்மா: இனிமே நீங்க மெனக்கெட வேணாம் தம்பி. வேலை இருந்தாப் போங்க. நாற்காலிய நாங்க பாத்துக்குறோம்.

மருதப்பன்: பழகிடுச்சுக்கா, நான் தூக்குறேன். எட்மண்ட் தம்பியத்தான் விட்டுடுங்க. அவருக்கு உசுரே போனாலும் இதெல்லாம்...

ரோசம்மா: யாரு சொன்னா? நேத்து பன்னெண்டு நாற்காலியும் அவருதான் தூக்குனாரு. வெளிய யாருக்கும் தெரிய வேணாம்னு கேட்டுக்கிட்டாரு.

மருதப்பன்: ...பன்னெண்டா?

எட்மண்ட்: ஆறு நீங்க எடுங்கண்ணே, ஆறு நான் எடுக்குறேன்... ஆன்ட்டி, ஜெபத்துல ஒரு வேண்டுதல் சேத்துக்கலாமா? ஜனவரியில நாந்தான் பந்து போடணும். எனக்காக வேணாம். அம்பயருக்காக.