நடுச்சுவருக்குள் போன பஞ்சு

— அண்ணி, உங்க வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க. என் பக்கத்து மேற்குச் சுவருக்குன்னு வரவழைச்ச கண்ணாடிப் பஞ்சு எங்கே போச்சு?

— ஏங்க, உங்க தங்கச்சி கேக்கறா. ரெண்டடி தள்ளித்தான் நிக்கறா, ஆனா என் வாய் வழியா வந்தாத்தான் உங்க காதுல ஏறும்.

— பஞ்சு சுவருக்குள்ளதான் இருக்குன்னு சொல்லு. பலகை அடிச்சு பெயின்டும் பூசியாச்சு. வயசெல்லாம் கட்டடம் கட்டியே போனவனுக்கு இவ பாடம் எடுக்க வேணாம்.

— இந்த கேமராவைப் பார்க்கச் சொல்லுங்க அண்ணி. சூடு இருக்கற இடம் சிவப்பாத் தெரியும். மேற்குச் சுவர் அடுப்பு மாதிரி சிவந்து கிடக்கு. பஞ்சு இருந்தா இப்படித் தெரியுமா?

— வெயில் பட்டா சுவர் சுடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு கேமரா, அதுக்கு ஒரு படிப்பு.

— நாளைக்குப் பசுமைக் கட்டடச் சான்றுக்குப் பார்க்க வர்றாங்க அண்ணி. நான் தனியா எடுத்துச் செய்யற முதல் கட்டடம் இது. என் வீடே தேறலைன்னா வெளியாள் எவன் என்னை நம்பி வேலை குடுப்பான்?

— அது சரிம்மா. சுவத்துக்குள்ள யார் கண்ணுக்கும் தெரியாம கிடக்கற பஞ்சுக்கும் சான்றுக்கும் என்ன சம்பந்தம்?

— சொல்றேன் கவனிங்க. சூட்டைத் தடுக்கறது பஞ்சு இல்ல. இழைக்கு நடுவுல அசையாம மாட்டிக்கிட்டிருக்கற காத்து. சூடு உள்ள வரலைன்னா சின்ன ஏசி போதும், கரண்ட் மிச்சம். மதிப்பெண்ல பெரிய பங்கு அதுக்குத்தான். அப்புறம் இந்தப் பஞ்சு உடைஞ்ச பாட்டிலை உருக்கிச் செஞ்சது, அதுக்குக் கொஞ்சம் கிடைக்கும். ஒட்டற பசையில கெட்ட வாடை இல்லைன்னா அதுக்கும் கொஞ்சம்.

— உடைஞ்ச பாட்டிலுக்கெல்லாம் மதிப்பெண் உண்டாம். கூடப்பிறந்தவனை மதிச்சா ஒண்ணும் கிடையாதான்னு கேளு.

— நீங்களே கேளுங்க. நான் என்ன தபால் பெட்டியா? இந்த வேலையை நீங்களே செஞ்சு குடுங்க, அப்படியாவது ஒட்டுவீங்கன்னு சமாதானம் பேசினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

— அண்ணி, ஹாலைப் பிரிக்கற இந்த நடுச்சுவரைத் தடவிப் பாருங்க. பலகை தொப்பை மாதிரி முன்னால தள்ளிக்கிட்டு நிக்குதில்ல?

— ஆமா. ஏங்க, இதென்ன இப்படிப் புடைச்சிருக்கு?

— நான்தான் திணிச்சேன். மேற்குச் சுவத்துப் பஞ்சையும் சேர்த்து இதுக்குள்ளயே திணிச்சேன். கோர்ட்டுல நின்னு பாதி வீட்டைப் பிரிச்சு வாங்கினவ அந்தப் பக்கம் இருக்கா. அங்கேர்ந்து எனக்குச் சத்தம் வரக்கூடாது.

— இப்படித் திணிச்சா சத்தம் நிக்காதுன்னு சொல்லுங்க. இடம் விட்டு வச்சாத்தான் பஞ்சு சத்தத்தைக் குடிக்கும். நெருக்கி அடைச்சா கட்டை மாதிரி ஆயிடும். என் பக்கத்துப் பலகை அதிர்ந்தா உங்க பக்கத்துக்குக் கடத்தி விட்டுடும்.

— தெரியுது. இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு.

— அப்ப கழட்டச் சொல்லுங்க. பாதிப் பஞ்சை எடுத்து மேற்குப் பக்கம் வச்சா ரெண்டு சுவரும் உருப்படும். பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிடும்.

— கழட்ட மாட்டேன். இன்னும் ஒரு பலகை மேல அடிப்பேனே தவிர, ஒரு ஆணியைக்கூட உருவ மாட்டேன். சான்று போனா போகட்டும்னு சொல்லு.

— பார்த்தீங்களா அண்ணி? என் பொழைப்பு நாசமானாலும் பரவாயில்ல, என் குரல் அவர் காதுல விழக்கூடாது. ரெண்டு வார்த்தை போன்ல சிரிச்சுப் பேசினாக்கூட எரியுது. அப்பாவோட வீட்டுல பங்கு கேட்டது அவ்வளவு பெரிய பாவமா?

— இதுக்குப் பதிலை நான் கொண்டுபோக மாட்டேன். அவ முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்க. சொல்லுங்கன்னா.

— நீ சிரிச்சா எனக்கென்ன, கத்தினா எனக்கென்ன? விளக்கை அணைச்சதும் தினமும் அழறியே, அதைக் கேட்டுக்கிட்டு என்னால படுத்திருக்க முடியல.