கயிறு தளர்ந்த நாலு வரிசை

கோணல்தான் தம்பி, நான் எங்க இல்லேன்னேன்? வரப்புல நின்னு பாத்தா எனக்கே அசிங்கமாத்தான் இருக்கு. மேலண்ட ஒரு மா நெலம் முழுக்க நூல் பிடிச்சாப்ல இருக்கு. நடுவுல மட்டும் நாலு வரிசை, குடிகாரன் வீட்டுக்குப் போனாப்ல போவுது. ஆமாங்க, களையெடுக்குற மிஷின உருட்டுனா பயிர் மேலதான் ஏறும், தெரியுது. திட்டுங்க, வாங்கிக்கிறேன். ஆனா நாளைலேருந்து நடவு மிஷின்தான், நீங்க யாரும் வராதீங்கன்னீங்க பாருங்க, அதுல மட்டும் செத்த பொறுங்க. மிச்சம் ரெண்டு மா கெடக்கு, பறிச்ச நாத்து அம்புட்டும் வாய்க்கால்ல நனையிது. மிஷின்காரன் தட்டுல வளத்த அவன் நாத்தோட வந்துருவானா? அப்ப இத என்ன பண்ணுவீங்க, மாட்டுக்கா அள்ளிப் போடுவீங்க?

யாரு, நடும்போது நான் சொல்ற கதையாலதான்னு யாரு சொன்னது? ஓ, மோட்டார் கொட்டாய்லேருந்து நீங்களே பாத்துட்டீங்களா. சரி, கதைதான். இந்த தர்மாம்பா பொய் சொல்ல மாட்டா. ஆனா கதை இல்லாம பன்னெண்டு பொம்பளைய நாளு பூரா குனிய வச்சிப் பாருங்களேன். பத்து மணிக்கு ஒருத்திக்கு இடுப்பு வலிக்கும், பதினோரு மணிக்கு ஒருத்திக்கு மாமியா ஞாபகம் வரும். சண்டதான் நடக்கும், நடவு நடக்காது.

சிங்கப்பூர்லேருந்து வந்து மூணு மாசம் ஆவுது, இந்த வித்தை உங்களுக்குத் தெரியாது. வெறும் சிரிப்புக் கதை சொன்னீங்கன்னு வைங்க, எல்லாரும் வயித்தப் பிடிச்சிக்கிட்டு நிமிந்துருவாளுங்க. அழுவாச்சிக் கதை அதவிட மோசம். கையெல்லாம் சேறு, மூக்க எதால சிந்துறது? வரப்புக்கு ஏறணும், கைய கழுவணும், முந்தானையத் தேடணும், அப்படியே வெத்தல ஒரு வாய் போடணும். அரை நாள் காலி. அதனால ரெண்டையும் கலந்து குடுக்கணும். சிரிப்பு ஏறுதா, கதையில ஒருத்தன ஆஸ்பத்திரியில படுக்கப் போடு. கண்ணு கலங்குதா, அவனப் பாக்க வந்தவன் ஆரஞ்சப் பூராத்தையும் தானே உரிச்சித் தின்னட்டும். அப்பதான் அப்பறம் என்னாச்சி, அப்பறம் என்னாச்சின்னு கேட்டுக்கிட்டே கை பாட்டுக்கு நடும்.

தப்பு பண்ணியிருக்கேன், இல்லேங்கல. போன வருசம் இதே வயல்ல, கதையில ஒரு பொண்ண பாம்பு கடிச்சி சாவ விட்டுட்டேன். பன்னெண்டு பேரும் வரப்புல ஏறி உக்காந்துட்டாளுங்க. பொழைக்க வையி, இல்லேன்னா இறங்க மாட்டோம்னு. உங்க அப்பாவே ஓடி வந்து, ஏ தர்மு, அந்தப் பொண்ண பொழைக்க வச்சித் தொலையேன், நாத்து காயிதுன்னாரு. பொழைக்க வச்சேன். ரெண்டு புள்ளையும் பெத்துக்க வச்சேன். சாயங்காலத்துக்குள்ள வயல் முடிஞ்சிச்சு.

இன்னிக்கா? இன்னிக்கு எழவு வீட்டுக் கதை. பஞ்சநதம்னு ஒருத்தன், சுத்த சோம்பேறி, செத்துக் கெடக்கான். ரெண்டு பொண்டாட்டி. எந்த வாசல்லேருந்து பாடைய எடுக்குறதுன்னு ரெண்டு வீட்டாளுங்களுக்கும் சண்ட. அவன் படுத்த வாக்குல, அப்பாடா, நடக்கச் சொல்லலன்னு நெனச்சிக்கிறான். இதத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். பக்கத்துல நட்டவ என் விலாவுல இடிக்கிறா. எதுக்குன்னா, எனக்கு நாலாவதா சுந்தரி குனிஞ்சி நட்டுக்கிட்டிருக்கா.

சிவசாமி சம்சாரம்ங்க. நீங்க அப்ப இங்க இல்ல. சித்திரையில, நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்த மனுசன் எந்திரிக்கல. அன்னிலேருந்து அவ வாசப்படி தாண்டல, வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசல. இன்னிக்குதான் கைய பிடிச்சி இழுத்துக்கிட்டு வந்தேன். வேணும்னுதான் அந்தக் கதைய எடுத்தேன். பயமாத்தான் இருந்துச்சு. தப்பாப் போயிருந்தா அவ மூஞ்சில நான் முழிக்க முடியுமா?

சிவசாமி எழவுல நடந்தது ஒண்ணு இருக்கு. ஆசையா வச்சிருந்த போனாச்சேன்னு அவரு மச்சான் அத தலமாட்டுல வச்சிட்டான், ஆஃப் பண்ணாம. பாடைய தோள்ல தூக்குறாங்க, போன் அடிக்குது. பழைய மோட்டார ரிப்பேருக்குக் குடுத்திருந்தாரு, அந்த மெக்கானிக்தான் கூப்புடுறான். தூக்குன நாலு பேர்ல ஒருத்தன், பழக்க தோசம், எடுத்துக் காதுல வச்சி, அண்ணனா, இங்கதான் இருக்காரு, இருங்க குடுக்குறேன்னுட்டான். அத்தன சனமும் கேட்டுச்சு. யாரும் சிரிக்கல தம்பி. ஆறு மாசமா பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தோம், அவ மனசு நோவுமேன்னு.

இன்னிக்கு, பஞ்சநதத்த வாசலுக்குக் கொண்டாந்துட்டேன். சுந்தரி தலைய நிமித்தல, கை நட்டுக்கிட்டே இருக்கு. மெதுவா கேக்குறா, ஏங்க்கா, உன் கதையில போன் வரலியான்னு.

அப்பறம் அவளே, இருங்க குடுக்குறேன், இருங்க குடுக்குறேன்னு சொல்லி சிரிக்க ஆரம்பிச்சா பாருங்க. சேத்துலயே உக்காந்துட்டா. வரிசை நேரா வர்றதுக்குக் கயித்தப் பிடிச்சிருந்த மோகனப்பிரியா கயித்த விட்டுட்டு அவளக் கட்டிக்கிட்டா. எனக்கு சிரிப்பு எது அழுவ எதுன்னு தெரியல, சேத்துக் கையாலயே மூஞ்சத் தொடச்சேன். நட்டுக்கிட்டுதான் இருந்தோம், சத்தியமா, கயிறு எங்க கெடந்துச்சுன்னுதான் யாரும் பாக்கல.

கோணலப் பிடுங்கி நட்டுத் தரணும்னா விடியக்காலம் நானே வந்து செஞ்சி தர்றேன், கூலி வேணாம். மிஷின் விஷயம் உங்க இஷ்டம், உங்க வயலு. என்ன, கரையேறும்போது சுந்தரி என்னக் கேட்டா, நாளைக்கு எத்தன மணிக்குக்கா இறங்கணும்னு. நான் ஏழு மணின்னு சொல்லிட்டேன்.