தானியம் இல்லாத பிஸ்கட்

ஜோதி அக்கா இறந்து பதினொரு நாள் ஆகிறது. விசாரிக்க வந்தவர்களில் நீங்கள் ஒருவர்தான் சரியான இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். நாய்க்குத் தானியம் தேவையா என்று கேட்டீர்கள்.

தேவையில்லை என்று அப்போது நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். வேகவைத்த அரிசி நாய்க்கு நன்றாகவே செரிக்கும். ஆனால் வெளிநாட்டில் வாங்குபவர்கள் தானியம் இல்லாததைத்தான் கேட்கிறார்கள்.

மாதனூர் பக்கம் நாய் பிஸ்கட் செய்யும் எங்கள் கம்பெனியில் வேதியியல் படித்தவள் நான் மட்டும்தான். எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. அரிசி நொய்யையும் கோதுமையையும் எடுத்துவிட்டால் புரதம் எப்படி ஏறும் என்று முதலாளி சுந்தரமூர்த்தி கேட்டார். மரவள்ளி மாவில் ஒரு தூளை வறுத்துச் சேர்த்தேன். சோதனையில் புரதம் தேவைக்கு மேலேயே வந்தது.

"இவ்ளோ நாளா எங்கம்மா ஒளிஞ்சிகினு இருந்தே?" என்றார் முதலாளி.

யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

ஜோதி அக்கா பேக்கிங்கில் இருந்தாள். கம்பெனி பஸ் விடியும்போதே வந்துவிடும்; பெண்கள் சாப்பிடாமல்தான் ஏறுவார்கள். உடைந்த பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்பது அங்கே பழைய வழக்கம். நொய், கோதுமை, உப்பு. அதில் தப்பில்லை. நான் சோதனைக்குச் செய்ததும் அதே மாதிரிதான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"இன்னா மேடம், நாய்க்கு சோறு வேணாம்னுட்டீங்களாமே? எங்கூட்டு நாய் ரசஞ்சோறு துன்னுட்டு புலி மாதிரி கீது. ஆனா இதுவும் கருவாட்டு வாசனையா நல்லாத்தான் கீது. இன்னும் ரெண்டு குடுங்க."

இதைத் தின்னாதே என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பாள். அவள் சத்தமாகப் பேசுகிறவள்; முதலாளி வரைக்கும் கேட்கும். எனக்கோ பேச்சு வராது.

நாலு மாதம் கலவையை மாற்றி மாற்றிச் செய்தேன். அவள் கால் வீங்கியது. ஒரு சைஸ் பெரிய செருப்பு வாங்கிக் கொடுத்தேன். சந்தோஷப்பட்டாள். பிறகு முகம் வீங்கியது. ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள்.

நாய்களுக்கு மட்டும் எப்படி ஒன்றும் ஆகவில்லை என்று கேட்கிறீர்கள். கம்பெனி வாசலில் படுத்திருக்கும் நாய்க்குத்தான் முதலில் வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டது. அடுத்தடுத்துச் செய்த எதையும் அது தொடவில்லை. சரக்கு வெளியேயும் போகவில்லை. என்னால் ஒரு நாய்க்குக்கூடக் கெடுதல் வந்ததில்லை.

முதலாளி தினமும் கேட்பார். "சாப்பிடுது சார்" என்பேன். சாப்பிட்டது ஜோதி அக்கா ஒருத்திதான்.

அந்தத் தூள் என்ன என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. தோல் பதனிடும் ஆலையில், குரோம் ஏற்றிய தோலைச் சீவும்போது மெஷினுக்கு அடியில் விழுவது. வறுத்தால் அந்தக் குரோம் சிறுநீரகத்தை அழிக்கும் விஷமாகும். தெரிந்துதான் சேர்த்தேன். தெரிந்துதான் அவள் கையில் கொடுத்தேன்.