தகப்பனார் வசம் ஒப்படைக்கப்பட்டாள்

இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பொறுமை என்பதே கிடையாது. குழாயில் தண்ணீர் வரவில்லையா, ரோட்டில் உட்கார். பஸ் நிற்காமல் போய்விட்டதா, ரோட்டில் உட்கார். என் மகள் ரோஜா செத்தபோதும் ஸ்டேஷன் வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்தார்கள். என்னைக் கேட்டுக்கொண்டா உட்கார்ந்தார்கள்? ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, பெரியவர் முன்னால் இருக்கட்டும் என்று என்னை அதில் அமுக்கிவிட்டார்கள். குடை பிடிக்க ஒருத்தன். கையில் ஒரு சோடா. புரட்டாசி வெயில் சோடாவுக்கு அடங்குகிற வெயிலா?

என் பெயர் சங்கிலிமுத்து. வயது அறுபத்து மூன்று இருக்கும். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. சிவகாசிக்கு மேற்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷமாக மருந்து கலக்கினேன். அந்த முப்பது வருஷத்தில் என் அறையில் ஒரு பொறி விழுந்ததில்லை. காரணம், கலந்த மருந்தை நான் மறுநாளைக்கு வைக்கமாட்டேன். மிஞ்சியது, ஈரம் பட்டது எல்லாவற்றையும் பொழுது சாய்வதற்குள் குழிக்குக் கொண்டுபோய் அழித்துவிடுவேன். முதலாளி முணுமுணுப்பார். முணுமுணுத்துவிட்டுப் போகட்டும். இன்னொரு கம்பெனியில் ஒருத்தன் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மிச்சம் வைத்தான். காலையில் பார்க்க அவனும் இல்லை, அறையும் இல்லை.

ரோஜாவுக்கு நான்கு வயதில் அவள் அம்மா போய்விட்டாள். வளர்த்தது என் தங்கச்சி மாடத்தி. புருஷன் இல்லாதவள், எங்களோடுதான் இருந்தாள். அவளும் என் கம்பெனியில்தான் சரவெடி பின்னினாள். காலையில் வேனில் போனால் சாயங்காலம் ஆறு மணிக்கு அதே வேனில் திரும்புவாள். ரோஜா பத்தாவது முடித்துவிட்டு ஒரு காலண்டர் அச்சாபீசில் தகரப் பட்டை அடிக்கப் போனாள். மருந்துக்குப் போக வேண்டாம், அச்சாபீஸ் சுத்தமான வேலை என்று அனுப்பியதே நான்தான். முதலாளி சீனிவாசகம். அவர் மகன் மணிகண்டராஜ்தான் அங்கே எல்லாம் பார்த்துக்கொண்டான்.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு செவ்வாய்க்கிழமை. பேப்பர் குடோனில் வைத்து மணிகண்டராஜ் அவளைக் கெடுத்துவிட்டான். இதை நான் சந்தேகப்படவில்லை. கேட்டவுடனே நம்பினேன். அவன் அப்படிப்பட்டவன்தான். ரோஜா வீட்டுக்கு வரவில்லை, அழுதுகொண்டு கிடக்கவில்லை. சட்டையின் கிழிந்த கையை ஊக்குப் போட்டுக் குத்திக்கொண்டு, பன்னிரண்டு மணிக்கு நேரே ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை, தனியாக.

ஸ்டேஷன்காரர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். முதல் போன் சீனிவாசகத்துக்கு. இரண்டாவது போன் என் கம்பெனிக்கு. நான் போய்ச் சேர மணி மூன்று. அதுவரை என் மகளை ஆடு திருடிய இரண்டு பேருக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். கேஸ் எழுதவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. பொம்பளைப் போலீஸ் ஒருத்தி கூட இல்லை. இதைத்தான் பிறகு ஊரே கூடிக் கத்தியது. கத்தினதில் தப்பில்லை. ஆனால் போலீஸ் வேறு எப்படி இருக்கும் என்று நினைத்துக் கத்தினார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஏட்டு சங்கரலிங்கம் என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். கேஸ் என்று போட்டால் பிள்ளை பெயர் பேப்பரில் வரும், கோர்ட்டுக்கு இழுத்தடிப்பார்கள், கூட்டிக்கொண்டு போய் நாலு பேரை வைத்துப் பேசு என்றார். சீனிவாசகம் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தார். ரோஜா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அத்த வர்ற வரைக்கும் நா இங்கனயே இருந்துக்கிடுறேன் சார். ஆறு மணிக்கு வேன் வந்துரும்."

"இது என்ன சத்திரமாத்தா? பெத்த அப்பன் வந்து நிக்காரு. அவரு கூடப் போறதுக்கு என்ன?"

அவள் என்னைப் பார்க்காமல் ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏட்டு ஒரு காகிதத்தில் எழுதிப் படித்துக் காட்டினார். எனது மகள் ரோஜாவை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று இருந்தது. தொலைந்த சைக்கிள் கிடைத்தால் இப்படித்தான் எழுதி வாங்குவார்கள். கம்பெனியிலிருந்து அப்படியே வந்தவன், கையெல்லாம் மருந்தில் கலக்கிற வெள்ளிப் பவுடர். மைப்பெட்டியை நீட்டியபடி ஏட்டு சிரித்தார்.

"பெருசு, ஒம்ம ரேகை மையில்லாமலே விழும் போலருக்கே."

ரேகை வைத்தேன். வாசல் தொட்டியில் கை கழுவினேன். அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கண்மாய்க் கரை வழியாக எங்கள் ஊர் ஒன்றரை மணி நேர நடை. அந்த நடையில் நான் நிதானமாக யோசித்தேன். கோபத்தில் செய்தேன் என்று வக்கீல் எழுதச் சொன்னார். கோபம் இல்லை. பக்கத்துத் தெரு வீரலட்சுமியை நினைத்தேன். இதே மாதிரி கேஸ் கொடுத்தவள். நான்கு வருஷம் கோர்ட். எதிர்த்தரப்பு வக்கீல் அவளிடம் என்னென்ன கேட்டான் என்பதை ஆம்பிளைகள் டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கடைசியில் கெடுத்தவன் வெளியே வந்தான், அவள் ஊரை விட்டே போனாள். இப்போது அவள் அம்மாவே அவள் பெயரைச் சொல்வதில்லை. போலீசையோ கோர்ட்டையோ ஊரையோ, ஒரே ஒரு ஆளை நான் நம்ப முடிந்திருந்தால், என் மகளை அந்த ஆளிடம் விட்டிருப்பேன். அப்படி யாரும் எனக்குத் தென்படவில்லை.

கரை திரும்புகிற இடத்தில் ரோஜா பேசினாள்.

"திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுக்குப் போவேம்ப்பா. விருதுநகருக்கு. அத்த கூட வருவாக. நா இத விட மாட்டேன்."

"நாலு பேருக்குத் தெரிஞ்சா நம்ம நெலம என்னாகும்னு நெனச்சியா?"

"தெரியட்டும். அவந்தான வெக்கப்படணும்."

குரல் தெளிவாக இருந்தது. அழுதிருந்தால் நான் வேறு மாதிரி யோசித்திருப்பேனோ என்னவோ. ஆறு மணிக்கு வேன் வந்துவிடும். மாடத்தியிடம் சொல்வாள். மாடத்தி வேன் முழுக்கச் சொல்வாள். மறுநாள் எல்லாக் கம்பெனிக்கும் எட்டிவிடும். பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்று தோன்றியது.

மடைக்குப் பக்கத்தில் கருவேல மரங்கள் அடர்ந்து கிடக்கும். அங்கே வைத்து முடித்தேன். நான் அவளை அடிக்கவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு அடி அடித்ததில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். கழுத்தில் இரண்டு கையையும் வைத்தேன், அவ்வளவுதான். அதிக நேரம் ஆகவில்லை. துப்பட்டாவைச் சரியாகப் போர்த்திவிட்டுத்தான் வந்தேன்.

மாடத்தி வந்து கேட்டபோது, பாதி வழியில், கூடப் படித்த கூட்டுக்காரி வீட்டுக்குப் போகிறேன் என்று பிரிந்துவிட்டாள் என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஊர் தானாகச் சொல்லிக்கொண்டது. புதன்கிழமை காலையில் ஆடு மேய்த்தவர்கள் பார்த்தார்கள். கேஸை அமுக்க மணிகண்டராஜ்தான் ஆள் வைத்து முடித்துவிட்டான், ஸ்டேஷன்காரன் அதற்கு உடந்தை என்று மதியத்துக்குள் முடிவாகிவிட்டது. நான் தலையாட்டக் கூட இல்லை. சும்மா இருந்தேன். சிவகாசியில் போஸ்டருக்கு என்ன பஞ்சம், சாயங்காலமே கலரில் ஒட்டிவிட்டார்கள். அதில் அவள் படத்தை விடக் கட்சிக்காரன் படம் பெரிது.

அவனைப் பிடிக்காமல் உடலை வாங்க மாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். அச்சாபீஸ் கண்ணாடி உடைந்தது. வியாழக்கிழமை மதியம் மணிகண்டராஜைக் கைது செய்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு மாறுதல், ஏட்டுக்கு சஸ்பென்ஷன். எனக்கு ஒருத்தர் சால்வை போர்த்தினார். எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்தது. சேலையை மறைப்புக் கட்டிப் பெண்கள் குளிப்பாட்டினார்கள். அதில் பாதிப் பேர் வேனில் வருகிறவர்கள். பிறகு மாடத்தி ஈரக் கையோடு வெளியே வந்து என் முன்னால் நின்றாள். பிறந்ததிலிருந்து என்னை வாங்க போங்க என்றுதான் பேசுவாள்.

"ஒன் கையக் காட்டு."

காட்டினேன். மறைக்க என்ன இருக்கிறது? நன்றாகக் கழுவின கை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிப் பவுடர் அப்படி லேசில் போகாது, நகக்கண்ணிலும் ரேகையிலும் ஊறிக் கிடக்கும். முப்பது வருஷமாகப் பார்த்துப் பார்த்து அது எனக்கு அழுக்காகவே தெரிவதில்லை. ஆனால் ரோஜா அச்சாபீஸ் பிள்ளை. அவள் மேல் அது இருக்க வழியில்லை. அவள் தாடைக்குக் கீழே விரல் விரலாக மினுங்கியதாம், சோப்புக்குப் போகவில்லையாம். ஆஸ்பத்திரியில் அதைத் தூசி என்று எழுதியிருந்தார்கள். அச்சாபீஸ் முதலாளி மகன் மருந்தைத் தொட்டதில்லை என்று மருந்தில் கிடக்கிற பெண்களுக்குத் தெரியாதா? அன்று கம்பெனியிலிருந்து கை பளபளக்க ஸ்டேஷனுக்குப் போனது யார் என்றும் தெரியும்.

"இந்தக் கைக்கா நா சோறு போட்டேன்" என்றாள் மாடத்தி.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். புதிதாக வந்த இன்ஸ்பெக்டர், ஆளைப் பிடித்து உள்ளே வைத்தாயிற்று, கூட்டமும் கலைந்தாயிற்று, துக்கத்தில் உளறாதே தாயி என்று திருப்பி அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை காலையில் வேன் ஸ்டேஷன் வழியாகப் போகும்போது மாடத்தி நிறுத்தச் சொல்லி இறங்கினாள். கூடவே பதினோரு பெண்கள் இறங்கினார்கள். சீசன் நேரத்தில் வேலையை விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை கட்சிக்காரன் வரவில்லை. குடை இல்லை, நாற்காலி இல்லை, போஸ்டர் இல்லை. பெற்ற தகப்பனைச் சொல்கிறார்களே என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் அவர்களைத்தான் திட்டினான். அவர்கள் எழுந்திருக்கவில்லை.

அதற்காக நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை. அவர்கள் வருஷம் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் வந்திருக்க மாட்டேன். புதன்கிழமை டீக்கடையில் நான் இருப்பது தெரியாமல் இரண்டு பேர் பேசினார்கள்.

"ஏலே, பொம்பளைக சொல்றது நெசமா இருக்கும்லே. சீனிவாசகம் நம்ம பெருசுக்குத் துட்டு குடுத்துட்டாராம்ல."

"அப்ப இனி ஓட்டு வீடு மாடி வீடாயிரும்னு சொல்லு."

கையில் இருந்த கிளாசை வைத்துவிட்டு எழுந்தேன். பெற்ற பிள்ளையைக் காசுக்கு முடித்தவன் என்ற பேர் எனக்கு வேண்டாம். நான் ஒருத்தனிடமும் கை நீட்டியவன் இல்லை. நேரே ஸ்டேஷனுக்கு நடந்தேன். வாசலில் இருந்த பெண்கள் வழி விட்டார்கள். உள்ளே போய், நான்தான், யாரிடமும் வாங்கவில்லை, நானாகத்தான் செய்தேன் என்றேன். இன்ஸ்பெக்டர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள் பெரியவரே என்றார். திரும்பிப் பார்த்தால் பன்னிரண்டு பெண்களும் உள்ளே வந்து சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். எழுதுகிற வரைக்கும் அப்படியே நின்றார்கள். வேறு வழியில்லாமல் எழுதினார்கள்.

பிறகு நீதிபதியம்மாவிடம் கொண்டுபோனார்கள். போலீஸ் அடித்ததா, மிரட்டியதா என்று கேட்டார்கள். இல்லை, டீ கொடுத்தார்கள் என்றேன். யோசித்துக்கொள்ள நேரம் கொடுத்தார்கள். யோசிக்க ஒன்றும் இல்லை. இங்கே சொன்னதைத்தான் அங்கேயும் சொன்னேன். அவள் நன்மைக்குத்தான் செய்தேன், அவளும் புரிந்துகொண்டுதான் என்னோடு வந்தாள் என்றும் சொன்னேன்.

அந்த அம்மா ஒரு காகிதத்தை எடுத்தார்கள். அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்து ரோஜா எழுதிக் கொடுத்த மனுவாம். ஏட்டு அதைப் பதியாமல் ஒரு நோட்டுக்குள் செருகி வைத்திருந்தாராம். மணிகண்டராஜைப் பற்றி முதலில் இருந்தது. கடைசியில் இருந்ததை அந்த அம்மா மெதுவாகப் படித்தார்கள். "என்னை என் அப்பாவுடன் அனுப்பாதீர்கள். அவர் என்னை உயிரோடு விட மாட்டார். எங்கள் அத்தை வரும் வரை இங்கே இருக்க விடுங்கள்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"இது எம் பிள்ள எழுதுனது இல்லம்மா. ஸ்டேஷன்காரன் பின்னால எழுதிச் சேத்துருப்பான்."

"இந்தக் காகிதத்தால அவங்களுக்குத்தானே வேலை போகும் பெரியவரே? அவங்களே எதுக்கு எழுதப் போறாங்க?"

படித்தவர்களோடு பேசி ஆவதில்லை. ரேகை வைத்துவிட்டுப் போலீஸ்காரரோடு படியிறங்கி வேனைப் பார்த்து நடந்தேன். எவனோ எழுதின ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு அப்பனையும் மகளையும் பிரிக்கப் பார்க்கிறார்கள். ரோஜாவுக்கு என்னிடம் பயம் என்பதே கிடையாது. பயந்த பிள்ளை என்றால் வழி நெடுகத் தப்பி ஓடப் பார்த்திருக்காதா? அவள் ஒரே ஒரு தடவைதான் ஓடினாள். அதுவும் பத்தடி தாண்டவில்லை.