வாணி விழாவில் ஒரு கணினி

எனக்குத் தேநீரில் சீனி வேண்டாம், சேர். நீரிழிவு இருக்கிறது. டாக்டர் சொன்னால் சொன்னபடி நடப்பேன். விதி என்றால் எனக்கு விதிதான்.

எங்கள் பிரதேச சபைக்கு இணையப் பாதுகாப்புச் சுற்றறிக்கை வந்தபோதும் செயலாளராக நான் அப்படித்தான் நடந்தேன். ஆளுக்கொரு கடவுச்சொல் வேண்டும் என்றார்கள். ஒற்றுமை குலையக் கூடாதென்று எல்லோருக்கும் ஒன்றையே கொடுத்தேன், தவிசாளருடைய வாகன இலக்கத்தை. எல்லாம் நிறைவேற்றியாயிற்று என்று கொழும்புக்கு எழுதினேன். மாகாணத்திலேயே பாதுகாப்பான சபை என்று விருது அறிவித்துவிட்டார்கள். ஹட்டனில் மாலைக்குக்கூடச் சொல்லியாயிற்று.

விருதுக்கு முந்தின வாரம் எவனோ இணையம் வழியாக உள்ளே புகுந்து கணினியைப் பூட்டிவிட்டான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் இருப்பவர்களின் போனுக்கு மண்சரிவு எச்சரிக்கை அனுப்புகிற கணினி அது. அன்றே மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தால் விருது போய்விடும். நல்ல வேளையாக வாணி விழா தொடங்கியிருந்தது. கணினிக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்தேன். பூசையில் இருப்பதை யார் தொடப் போகிறார்கள்? தவிசாளரே கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மழைமானி அபாய அளவைத் தாண்டியதும் எழுதுவினைஞர் சர்மிளா என் அறைக்கு ஓடி வந்தாள். கணினி பூட்டிக்கிடப்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"சேர், மெசேஜ் போகாட்டி கோயில் ஸ்பீக்கர்லயாவது சொல்லச் சொல்லுவோம் சேர். கீழ் லயத்துல புள்ளைங்கல்லாம் இருக்காங்க."

"ஸ்பீக்கர்ல சொன்னா மெசேஜ் ஏன் வரலன்னு கேப்பாங்கம்மா. விருது முடியட்டும்."

அவள் அழுதுகொண்டே தன் போனை எடுத்தாள். அலுவலக நேரத்தில் சொந்த அழைப்புக் கூடாது. வாங்கி மேசை லாச்சிக்குள் பூட்டினேன். அவளுடைய அம்மா கீழ் லயத்தில்தான் இருந்தார். அதனால்தான் அதைச் சொந்த அழைப்பு என்கிறேன்.

குடைகூட எடுக்காமல் ஓடினாள். மலை முந்திக்கொண்டது. ஒரு லயமே மண்ணுக்குள் போயிற்று, அவளுடைய அம்மாவும்தான். விருது விழாவையும் தள்ளிவைத்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இருக்கிறது.

தெரிந்தேதான் செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்துவிடுங்கள். அத்தனை நாளும் என் அலுவலகத்திலிருந்து ஒரு தகவல்கூட வெளியே போகவில்லை. பாதுகாப்பு என்று வேறு எதைக் கேட்டார்கள், சேர்?